படம் நம் நேரத்தை என்ன செய்கிறது

"சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி நண்பர்கள் கூடிப் பேசினோம். மகாராஜாவை எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்தார்கள். மெய்யழகன் இழுவை என்றார்கள் பாதிப் பேர். கொட்டுக்காளியில் ஒன்றுமே நடக்கவில்லை, முடிவுகூட இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அவர்களிடம் சொல்லத்தான் வரவில்லை. நீங்கள் இந்தப் படங்களை எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் எனக்கு மிக நெருக்கமான படம் கொட்டுக்காளிதான். மெய்யழகன் சில குறைகளோடு பிடித்திருந்தது. மகாராஜாவின் வேலைப்பாட்டை மனமாரப் பாராட்டுவேன், ஆனாலும் அதன் மையத்தில் எனக்குத் தீராத ஒரு நெருடல் இருக்கிறது. நான்காவதாக ஒரு படத்தையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்: பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்'. நான்கும் 2024இல் வந்தவை. இவற்றைப் பேசும்போது கதையின் திருப்பங்களையும் முடிவுகளையும் தொடாமல் பேச முடியாது. எனவே இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

உங்கள் நண்பர்களின் குறையைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது ஒரு கணக்கு. ஒன்றுமே நடக்கவில்லை என்று அவர்கள் சொல்லும் கொட்டுக்காளி இரண்டு மணி நேரம்கூட ஓடாத படம். விறுவிறுப்பானது என்று அவர்கள் புகழ்ந்த மகாராஜா இரண்டேகால் மணி நேரத்தையும் தாண்டி ஓடுகிறது. அப்படியென்றால் அவர்களைச் சலிப்படைய வைத்தது படத்தின் நீளமாக இருக்க முடியாது. அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது, எது கொடுக்கப்படாமல் காத்திருக்க வைக்கப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு படமும் பார்வையாளரைக் காக்க வைக்கிறது. எதற்காகக் காக்க வைக்கிறது, காத்திருந்த நேரத்தில் நம் மனத்துக்குள் என்ன நிகழ்கிறது, கடைசியில் அந்தக் காத்திருப்புக்கு மரியாதை செய்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரு படத்தை மதிப்பிட நான் நம்பும் வழி.

மகாராஜாவிலிருந்து தொடங்குவோம். நித்திலன் சாமிநாதன் 'குரங்கு பொம்மை'க்குப் பிறகு இயக்கிய படம், விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது. முடிதிருத்தும் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் காவல் நிலையத்துக்கு வந்து, தன் வீட்டுக் குப்பைத்தொட்டி திருடுபோய்விட்டது என்று புகார் கொடுக்கிறார். அந்தத் தொட்டிக்குப் பெயர் லட்சுமி. லாரி ஒன்று வீட்டுக்குள் புகுந்த விபத்தில் மனைவியை இழந்த அவருடைய குழந்தையைக் கவிழ்ந்து காப்பாற்றியது அந்தத் தொட்டிதான். திருட்டு நடந்த விதத்தை ஒரு காவலரிடம் சொல்கிறார், பிறகு அடுத்தவரிடம், பிறகு இன்னொருவரிடம், ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில், அதே நிதானத்தோடு. முதல் முறை பார்க்கும்போது அரங்கமே சிரிக்கிறது. முழுக்கதையும் தெரிந்த பிறகு இரண்டாவது முறை அதே காட்சியைப் பார்த்தால் சிரிப்பு வராது. ஒரு தகப்பன் பொய்யை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, தன் மகளுக்கு நேர்ந்த கொடுமையை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாமல், குற்றவாளி தன்னிடம் வந்து சேரும்வரை அடியையும் அவமானத்தையும் பொறுத்துக்கொண்டு நிற்கிறான் என்பது அப்போதுதான் புரியும். ஒரே காட்சி இரண்டு பார்வைகளில் இரண்டு உணர்ச்சிகளைத் தருவது எளிதில் கைவரும் வித்தை அன்று. விஜய் சேதுபதியின் உடல்மொழி அங்கே எதையும் கூட்டிச் சொல்லாமல் இருப்பதால்தான் அது முடிகிறது.

அந்தப் படம் நம்மை ஓட வைப்பது தகவலை மறைத்து. வெவ்வேறு ஆண்டுகளில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சித் தொடர்களை ஒரே காலத்தில் நடப்பவைபோல அடுத்தடுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே நம்பிக்கொண்டு போகிறோம். அந்த நம்பிக்கை உடையும் இடத்தில் கிடைக்கும் அதிர்ச்சி அசலானது. என் நெருடல் அந்த அதிர்ச்சி எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பதில். ஒரு சிறுமியின்மேல் நடந்த வன்கொடுமை படத்தின் பெரும்பகுதியில் மறைத்து வைக்கப்பட்டு, கடைசியில் முடிச்சவிழ்க்கும் துருப்புச்சீட்டாக வெளியே எடுக்கப்படுகிறது. அவள் உண்மையில் வில்லனுடைய மகள் என்பது தெரியவரும்போது, தண்டனை விழுவது அவன்மேல் என்றாலும், அந்தத் தண்டனைக்குக் கருவியாவது அவளுடைய உடலுக்கு நேர்ந்ததுதான். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து குற்றவாளிகளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கும் காட்சி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஓரளவுதான். படம் முடிந்து வெளியே வந்தவர்கள் திருப்பத்தைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, அவளைப் பற்றிப் பேசவில்லை.

கொட்டுக்காளி இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. அது எதையும் மறைப்பதில்லை. பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம். பெர்லின் திரைப்பட விழாவில் 2024 பிப்ரவரியில் முதலில் திரையிடப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று இங்கே வெளியானது. தயாரித்தவர் சிவகார்த்திகேயன். மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது, மருந்து வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்யும் குடும்பம், அவளை ஓர் ஆட்டோவில் ஏற்றி, குலசாமி கோவிலுக்கும் அங்கிருந்து ஒரு சாமியாடியிடமும் கூட்டிப்போகிறது. ஆண்கள் இருசக்கர வாகனங்களில் முன்னும் பின்னும் வருகிறார்கள். பலி கொடுக்க ஒரு சேவலும் உடன் வருகிறது. கதை இவ்வளவுதான், இதை முதல் கால் மணி நேரத்திலேயே நாம் ஊகித்துவிடுகிறோம். ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி அந்தப் படத்துக்குள் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்கள் நண்பர்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் படம் நமக்கு என்ன தருகிறது என்று பாருங்கள். பின்னணி இசை என்று ஒன்று அறவே இல்லை. எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் இரக்கப்பட வேண்டும் என்று வயலின் வந்து நமக்குச் சொல்வதில்லை. ஆட்டோ எஞ்சினின் சத்தம், சேவலின் சிறகடிப்பு, காற்று, தூரத்து ஒலிபெருக்கி, பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குசுகுசுப்பு இவைதான் கேட்கின்றன. மீனாவைக் கட்டிக்கொள்ள இருப்பவன் பாண்டி. சூரி நடித்த அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, வராத குரலை இழுத்து இழுத்துப் பேசுகிறான். அதிகாரம் முழுவதும் அவன் கையில் இருக்கிறது, அதைச் சொல்லும் குரல்மட்டும் உடைந்துபோயிருக்கிறது. மறுபுறம் அன்னா பென்னின் மீனா, பேசக் கூடியவள், பேச மறுத்து உட்கார்ந்திருக்கிறாள். ஒருவன் கத்த முயன்று குரல் எழும்பாமல் தவிப்பதும், ஒருத்தி வாய் திறக்காமலே எல்லோரையும் கலவரப்படுத்துவதும் ஒரே ஆட்டோவைச் சுற்றி நடக்கின்றன. இது இசை போட்டிருந்தால் நம் காதில் விழுந்தே இருக்காது.

படத்தில் ஒரு காட்சியை மட்டும் உங்கள் நண்பர்களுக்கு மறுபடி போட்டுக் காட்டச் சொல்வேன். வழியில் ஒரு காளை சாலையின் நடுவே நிற்கிறது. வண்டிகள் நின்றுவிடுகின்றன. இந்தக் குடும்பத்தின் ஆண்கள், ஒரு பெண்ணை அடக்குவதற்காகவே கூட்டமாகக் கிளம்பி வந்தவர்கள், அந்தக் காளையை நெருங்க அஞ்சுகிறார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், யாராலும் முடியவில்லை. பிறகு ஒரு சிறுமி வருகிறாள். அவள் வீட்டு மாடுபோலும். அவள் அதைத் தொட்டுப் பேசி, பிடித்துக்கொண்டு போகிறாள். காளை அவள் பின்னால் நடக்கிறது. கதையை முன்னகர்த்தும் காட்சியா என்று கேட்டால் இல்லை. படத்தொகுப்பில் எடுத்துவிட்டாலும் கதை புரியும். ஆனால் அடக்குவது என்பதற்கும் அன்பாகக் கூட்டிப்போவது என்பதற்கும் உள்ள தொலைவை வசனமே இல்லாமல் இதைவிடத் தெளிவாக யார் காட்டிவிட முடியும்? அந்தக் காட்சி நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்களின் தயக்கம் நமக்கு முதலில் வேடிக்கையாகவும், பிறகு எரிச்சலாகவும், அதற்குப் பிறகு வெட்கமாகவும் மாறுவதற்கு அந்த நேரம் வேண்டியிருக்கிறது. அரை நிமிடத்தில் முடித்திருந்தால் வேடிக்கை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

வன்முறை வரும் இடமும் அப்படித்தான். எங்கிருந்தோ காற்றில் வரும் பாட்டு ஒன்றை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அது போதும் பாண்டிக்கு. அவனுடைய ஆத்திரம் அவளோடு நிற்காமல் தடுக்க வந்த பெண்கள்மேலும் விழுகிறது. அதுவரை நாம் கேட்டுக்கொண்டிருந்த அமைதிக்குள் இத்தனை அடி ஒளிந்திருந்ததா என்று திடுக்கிடுகிறோம். அடித்து முடித்த பிறகு மறுபடி எல்லோரும் வண்டியில் ஏறுகிறார்கள், பயணம் தொடர்கிறது. அந்தப் பெண்கள் அதை எவ்வளவு விரைவாக விழுங்கிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்தால், அது அவர்களுக்குப் புதிதில்லை என்பது தெரியும்.

முடிவே இல்லை என்கிறார்கள் உங்கள் நண்பர்கள். சாமியாடியின் இடத்தில் மீனாவுக்கு முன்னால் வேறொரு பெண்ணுக்குப் பேயோட்டுகிறார்கள். அந்தப் பெண்ணை அவன் எப்படித் தொடுகிறான், என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான். இத்தனை தூரம் தான் எதை நோக்கி இவளைக் கூட்டிவந்தோம் என்பதை முதன்முறையாகக் கண்ணால் காண்கிறான். கண்டபின் என்ன செய்வான் என்பதைச் சொல்லாமல் படம் முடிகிறது. அவன் மனம் மாறி அவளைத் திரும்பக் கூட்டிப்போனதாகக் காட்டியிருந்தால், ஒரு மீட்பனின் கதையாக இது ஆகியிருக்கும், மீனாவின் பிடிவாதம் பின்னுக்குப் போயிருக்கும். மாறாமல் உள்ளே அனுப்பியதாகக் காட்டியிருந்தால் பாண்டியை ஓர் அரக்கன் என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். இரண்டு வசதியையும் இயக்குநர் நமக்குத் தரவில்லை. அந்த இடத்தில் நின்றதுதான் சரி என்று நினைக்கிறேன்.

குறை இல்லாத படமா என்றால், இல்லை. மீனாவின் மௌனம் படத்தின் பலம் என்று சொன்னேன். ஆனால் அவள் படித்தவள், கல்லூரிக்குப் போனவள், ஒருவனை விரும்பியவள். அந்த வாழ்க்கையின் ஒரு துணுக்கைக்கூட நாம் பார்ப்பதில்லை. எதிர்ப்பின் சின்னமாக அவள் உயர்ந்து நிற்குமளவுக்கு, சிரிக்கவும் சலித்துக்கொள்ளவும் தெரிந்த ஓர் இளம்பெண்ணாக அவள் நமக்குத் தெரிய வருவதில்லை. ஆண்களின் முகங்களுக்கும் அத்தைகளின் பேச்சுக்கும் கிடைத்த நுணுக்கத்தில் கொஞ்சம் அவளுக்கும் கிடைத்திருக்கலாம்.

அதே ஆகஸ்ட் 23 அன்று மாரி செல்வராஜின் 'வாழை'யும் வெளியானது. இரண்டும் தென்மாவட்டக் கிராமங்களின் கதைகள், இரண்டிலும் ஒரு குடும்பத்தின் வன்முறையோ வறுமையோ உடம்பில் உணரப்படுகிறது. வாழை இசையை நம்புகிறது, பாட்டை நம்புகிறது, கண்ணீரை அஞ்சாமல் அழைக்கிறது. அதில் எனக்குத் தத்துவ ரீதியான மறுப்பு எதுவும் இல்லை. வாழைத்தார் சுமந்து கழுத்து வலியெடுத்த சிறுவன், இழவு வீட்டில் பசி பொறுக்காமல் சோற்றில் கைவைக்கும் அந்தக் கணம் நம் சினிமாவின் மிகக் கடுமையான கணங்களில் ஒன்று. அங்கே இசையும் ஒப்பாரியும் பெருகி எழாமல், அவன் சோறு மெல்லும் ஓசையை மட்டும் நம்மிடம் விட்டிருந்தால் இன்னும் தாங்க முடியாததாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மெய்யழகனுக்கு வருகிறேன். '96' எடுத்த ச. பிரேம்குமாரின் படம், செப்டம்பர் 27 அன்று வெளியானபோது மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஓடியது. நீளம் பற்றிய முணுமுணுப்புகள் எழுந்ததும் சில நாட்களில் ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். இந்த வெட்டைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தப் படத்தின் சிக்கல் வெட்டித் தீர்க்கக் கூடியதாக இருக்கவில்லை.

படத்தின் உயிர் ஒரே ஒரு சங்கடத்தில் இருக்கிறது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, உறவுக்காரத் தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருவன் "அத்தான், அத்தான்" என்று உயிரை விட்டு ஒட்டிக்கொள்கிறான். அவன் யார் என்று அருளுக்கு நினைவில்லை. பெயர்கூடத் தெரியவில்லை. கேட்டுவிட வேண்டிய முதல் ஐந்து நிமிடங்கள் கடந்துபோன பிறகு கேட்கவே முடியாது. கல்யாண வீடுகளில் நம்மில் பலர் பட்ட சங்கடம்தான் இது, இதை மூன்று மணி நேரத்துக்கு இழுத்துக் காட்ட ஒரு துணிவு வேண்டும். நேரம் போகப் போக அன்பு கூடுகிறது, அன்பு கூடக் கூட, பெயர் தெரியாத குற்றவுணர்வும் கந்து வட்டிபோல ஏறுகிறது. படம் விரைவாக நகர்ந்திருந்தால் இந்த வட்டி ஏறுவதற்கு இடமே இருந்திருக்காது. இங்கே நிதானம் கதைக்குள்ளேயே வேலை செய்கிறது.

மேடையில் தங்கைக்கு நகை போடும் காட்சியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. கொண்டுவந்ததைக் கையில் கொடுத்துவிட்டுப் போக நினைக்கும் அண்ணனை, நீயே போட்டுவிடு என்று அவள் நிற்க வைக்கிறாள். பின்னால் மொய் எழுதிவிட்டு மேடையேறக் காத்திருக்கும் கூட்டம் நிற்கிறது, அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை. கொலுசு போட அவர் அவள் காலடியில் குனியும்போது அரவிந்த்சாமியின் முகத்தில் கூச்சம், பாசம், இத்தனை வருடம் வராமல் இருந்துவிட்டதன் வலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துபோகின்றன. கோவிந்த் வசந்தாவின் இசை அங்கே ஒதுங்கி நிற்கத் தெரிந்திருக்கிறது.

தொய்வு வருவது இரவு நேரத்து உரையாடலில். சோழ நாட்டு வரலாறும் வீரமும் பேசப்படும்போது, அந்த உறவுக்காரனாக நடித்த கார்த்தி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், பெயர் தெரியாத அந்தச் சங்கடத்தின் அழுத்தம் தளர்ந்துபோகிறது. அருள் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறார். வாயில்லா சைக்கிள் ஒன்றின் வழியாக, அதாவது அருளின் குடும்பம் விட்டுச்சென்ற பழைய சைக்கிள் தன் வாழ்க்கையை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று அவன் சொல்லும் வழியாக, படம் அற்புதமாகச் சாதித்ததை, பேச்சு மறுபடி விளக்கப் பார்க்கிறது. இன்னொன்று, அந்த உறவுக்காரனிடம் ஒரு சின்னக் கோபமோ சுயநலமோகூட இல்லை. அவ்வளவு நல்லவனை நேசிக்கலாம், நம்புவதுதான் கடினம். நிமிடங்களை வெட்டுவதால் இந்தக் குறை போகாது, எழுத்திலேயே சரிசெய்திருக்க வேண்டியது.

இனி பாயல் கபாடியாவின் படம். 2024 கான் விழாவில் கிராண்ட் ப்ரி விருது பெற்றது. ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' 1994இல் போட்டிப் பிரிவில் இடம்பெற்றதற்குப் பிறகு, முப்பது ஆண்டுகள் கழித்து அங்கே போட்டியிட்ட இந்தியப் படம் இதுதான். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இது நமக்கான படம் இல்லை என்று பலர் விலகிப்போனதைக் கண்டேன். மும்பை மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் இரண்டு மலையாள நர்சுகள், பிரபாவும் அனுவும், ஒரே அறையில் வாடகையைப் பகிர்ந்து வாழ்கிறார்கள். அதே மருத்துவமனையில் சமையல் வேலை பார்க்கும் பார்வதியை, கட்டட முதலாளி குடியிருப்பைவிட்டுத் துரத்துகிறான். இத்தனை வருடம் குடியிருந்ததற்கு அவளிடம் ஒரு காகிதம்கூட இல்லை. கேரளத்தில் 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்ற பெயரில் வெளியான இந்தப் படத்தின் பேச்சில் பெரும்பகுதி மலையாளம். நம் ஊர்களிலிருந்து வேலைக்காகப் பெருநகரங்களுக்குப் போய் அறை பகிர்ந்து வாழும் எந்தப் பெண்ணுக்கும் இந்த வாழ்க்கை அந்நியமாக இருக்காது.

பிரபாவின் கணவன் கல்யாணமான கையோடு ஜெர்மனிக்குப் போனவன், ஃபோன் பேசுவதையும் நிறுத்திவிட்டவன். ஒருநாள் அங்கிருந்து ஒரு பார்சல் வருகிறது. கடிதம் இல்லை, பெயர் இல்லை. உள்ளே சிவப்பு நிறத்தில் பளபளக்கும் ஒரு ரைஸ் குக்கர். இரவில் தனியாக, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பிரபா அதைக் கால்களுக்கிடையே வைத்து அணைத்துக்கொள்கிறாள். பிரபாவாக நடித்த கனி குஸ்ருதி அழுவதில்லை. கேமரா விலகாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு சமையல் பாத்திரத்தை ஒரு பெண் அணைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. அவள் உடல் எத்தனை காலமாக ஓர் அணைப்பை அறியவில்லை என்பது நமக்கு உறைப்பதற்குள் சிரிப்பு எங்கோ போய்விடுகிறது. இந்த உறைத்தலுக்கும் சில நொடிகள் தேவை, அந்த நொடிகளைத் தருவதுதான் அந்தப் படத்தின் பண்பு.

பிற்பாதியில் மூவரும் ரத்னகிரி பக்கம் பார்வதியின் ஊருக்குப் போகிறார்கள். மும்பையின் நீல இரவுகளும் மழையும் போய் வெயிலும் கடலும் வருகின்றன. அங்கே கரையொதுங்கிய ஒருவனைப் பிரபா பிழைக்க வைக்கிறாள். அவனைத் தன் கணவனாகவே பாவித்து, இத்தனை வருடம் சொல்ல வாய்க்காததை அவனிடம் சொல்கிறாள், இனி உன்னைப் பார்க்க விரும்பவில்லை என்றும் சொல்லிவிடுகிறாள். அது நிஜமா கற்பனையா என்று படம் விளக்குவதில்லை. மும்பைப் பகுதியின் ஆவணப்படத் தன்மையில் ஊறியவர்களுக்கு இந்தத் தாவல் இடறலாம். எனக்கு அது தகும் என்றே பட்டது, அந்த விடுதலையை நிஜ வாழ்க்கை அவளுக்கு ஒருபோதும் கொடுத்திருக்காது.

இப்படிப்பட்ட படங்கள் வெளிநாட்டு விழாக்களைக் குறிவைத்து எடுக்கப்படுபவை, நம் ரசனைக்கு ஒட்டாதவை என்று உங்கள் நண்பர்களில் யாராவது சொன்னால், அவர்களிடம் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைப் பற்றிப் பேசுங்கள். 1988இல் வந்தது, அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொந்தமாக வீடு கட்ட முயல்வதுதான் மொத்தக் கதையும். மனை, கடன், அனுமதி, ஒப்பந்ததாரரின் ஏமாற்று, சிமெண்ட், செங்கல் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பி நிற்கும் வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். பூசாத சுவர்களைத் தடவிப் பார்க்கிறார், அறை அறையாக நடக்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும் இருக்கிறது. முடிந்த வீட்டை அவர் பார்ப்பதில்லை, அதற்குள் இறந்துவிடுகிறார். பிறகு அந்த மனையே குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரியவருகிறது. அந்தத் தாத்தா நடந்த சில நிமிடங்களைப் படம் நமக்கு முழுதாகத் தந்திருப்பதால்தான், அந்தச் செய்தி வரும்போது நம் சொந்த வீடு போனதுபோல வலிக்கிறது. இந்த நிதானம் நம்முடையதுதான், யாரிடமும் கடன் வாங்கியதில்லை.

நண்பர்களிடம் ஏன் பிடித்தது என்று சொல்ல வரவில்லை என்றீர்கள். படம் முழுவதையும் தூக்கி நிறுத்தி வாதாட முயல வேண்டாம், அது வீண் சண்டையில்தான் முடியும். உங்களுக்குள் தங்கிய ஒரு காட்சியை எடுத்து, அதில் யார் எங்கே நின்றார்கள், என்ன சத்தம் கேட்டது, அதற்கு முன்னும் பின்னும் என்ன வந்தது என்று அப்படியே விவரியுங்கள். காளையை அந்தச் சிறுமி கூட்டிப்போனதை நீங்கள் சொல்லி முடிப்பதற்குள், ஒன்றுமே நடக்கவில்லை என்றவருக்கே தான் பார்த்த வேறொரு காட்சி நினைவுக்கு வரும். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். எங்கே பார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள். கொட்டுக்காளியைப் பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியில், நடுநடுவே வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு பார்த்தவருக்கு அந்தப் படத்தின் ஒலி போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது, ஒலி போய்விட்டால் அந்தப் படத்தில் பாதி போய்விட்டது.

அடுத்த முறை நீங்கள் எல்லோரும் கூடும்போது வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்'லைச் சேர்ந்து பாருங்கள் என்பேன். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது, வெறும் 75 நிமிடம்தான். குடிகாரத் தகப்பன், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைத் திரும்பக் கூட்டிவர, பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். பேருந்துக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுவதால், கொளுத்தும் வெயிலில் இருவரும் நடந்தே திரும்ப வேண்டியதாகிறது. தாகத்துக்குப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். விளக்கை அணைத்து, ஃபோன்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்குமளவுக்கு ஒலியைக் கூட்டி வைத்துப் பாருங்கள். கொட்டுக்காளியில் பொறுமை இழந்தவர்களில் ஒருவராவது இதை முழுமையாகப் பார்ப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். அவர் அதற்குப் பிறகு கொட்டுக்காளியை மறுபடி போடச் சொன்னால், அந்தக் காளை வரும் இடத்தில் மட்டும் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.